ஆழம் தெரியாமல் காலை விடாதே

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பள்ளிக்கூடத்து மரத்தடியை இந்தக் கூட்டத்துக்குத் தந்த தலைமையாசிரியர் அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பி அவர்களே, நாற்காலி போதாமல் நின்றுகொண்டிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடும்போது வரும் மண்ணை எழுதிவைக்க வேண்டும் என்று கேட்கத்தான் கூடியிருக்கிறோம். அது ஏன் என்று நிலக்கரியை வைத்துச் சொல்கிறேன். நிலக்கரிக்கு மூன்று வேண்டும்: நில அமைப்பு, பூமிச்சூடு, காலம். மூன்றையும் சொல்கிறேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நிலக்கரிக்கு அந்த ஆழம்தான் ஜாதகம்.

கீழே போகப்போக கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு ஏறும். புதைந்த சதுப்புக்காடு எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவுக்கு ஈரம் வற்றிக் கரி கூடும். ஜார்க்கண்டில் ஜாரியா இருக்கிறதே, அங்கே பாறைப் பிளவுகளை ஒட்டி நிலமே பள்ளமாக இறங்கியது. காடு ஆழத்தில் புதைந்தது, அரிப்புக்கும் தப்பியது. எஃகு ஆலைக்கான கோக் நிலக்கரி அப்படிக் கிடைத்ததுதான். அதே ஜாரியாவில் பாறைக்குழம்பு ஊடுருவி ஏறிய இடங்களில் நல்ல கரி தீய்ந்து கிடக்கிறது. சுரங்கக்காரர்கள் ‘ஜாமா’ என்பார்கள். சூடும் அளவோடுதான் வேண்டும் ஐயா!

நம் நெய்வேலிக் கரி அவ்வளவு ஆழம் போகவில்லை, வயதும் குறைவு. அதனால் பழுப்பு நிலக்கரியாகவே நின்றுவிட்டது. எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்.

அதைக் கண்டுபிடித்த கதை தெரியுமா? 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கரிய பொருள் வந்தது. இன்று நம் வீட்டில் வந்தால் என்ன செய்வோம்? “சனியன், கிணறு கெட்டது” என்று வேறிடத்தில் துளை போடுவோம். வண்டிக்காரர் அதற்கும் அடிக்கணக்கில் காசு வாங்குவார். (சிரிப்பு) மாமியார் மருமகளைக் குறை சொல்வார். (பலத்த சிரிப்பு) முதலியார் அப்படி விட்டுவிடவில்லை. ஆய்வுகள் நடந்தன, 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமே பிறந்தது.

இப்போது தெருவுக்குத் தெரு போர் போடுகிறோம். எத்தனையாவது அடியில் களிமண், எத்தனையாவது அடியில் மணல், யார் எழுதிவைக்கிறார்கள்? வந்த மண்ணை அள்ளிச் சாக்கடையில் கொட்டுகிறோம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பாட்டி சொன்னாள். நாம் ஆழம் தெரியாமல் 800 அடி விடுகிறோம்! ஒவ்வொரு போருக்கும் மண் பதிவேடு ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். தலைவர் அம்மா தலையாட்டுகிறார்கள், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். (கைதட்டல்)

காலத்தைப் பற்றிப் பேச, நேரமில்லை என்று சீட்டு வந்துவிட்டது. மண் பதிவேடு கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் போரின் ஆழத்தையும் எழுதிவிட்டுப் போங்கள்.