ஐந்து கிலோவாட்டுக்கு மேல் கிடையாது: எக் தீவின் மின்சாரக் கதை

(திரையில்: ஒரு சமையலறை. அடுப்பில் பால், ஓடிக்கொண்டிருக்கும் வாஷிங் மெஷின். சட்டென்று எல்லாம் நிற்கிறது.)

உங்கள் வீட்டில் காலை ஏழு மணி. கீசர் ஓடுகிறது, அது 2 கிலோவாட். இன்டக்ஷன் அடுப்பில் பால், அது இன்னொரு 2. உள்ளறையில் ராத்திரி போட்ட ஏசியை யாரும் நிறுத்தவில்லை, அதற்கு ஒன்றரை. கூட்டினால் ஐந்தரை. நமக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு மாதம் கழித்து பில் வரும்போது முணுமுணுப்போம், அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஒரு குட்டித் தீவில் இதே காரியத்தைச் செய்தால் வீட்டில் கரண்ட் போய்விடும். ஒரு வீட்டுக்கு 5 கிலோவாட், கடை கண்ணி என்றால் 10. அதைத் தாண்டினால் இணைப்பு தானாக டிரிப் ஆகும். பராமரிப்புக் குழுவிலிருந்து ஒருவர் வந்துதான் மறுபடி போட்டுவிட வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. இந்தக் கட்டுப்பாட்டை அரசாங்கம் கொண்டுவரவில்லை. ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசி, தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டது.

தீவின் பெயர் எக். ஆமாம், முட்டைக்கு ஆங்கிலத்தில் சொல்கிற அதே உச்சரிப்புதான். பரப்பு சுமார் 31 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை நூறைச் சற்றுத் தாண்டும். நம் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் இதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள்.

(திரையில்: பழைய டீசல் ஜெனரேட்டர், மழையில் நனைந்த தகரக் கொட்டகை.)

2008 வரை எக்கில் பொது மின்சாரம் என்று ஒன்று இல்லை. பெரும்பாலான வீடுகளில் தனித்தனி டீசல் ஜெனரேட்டர். படகில் டீசல் வரவேண்டும், கேன் தூக்கவேண்டும், சத்தத்தைச் சகிக்கவேண்டும். ராத்திரி அதை அணைத்துவிட்டால் ஃபிரிட்ஜும் சேர்ந்து தூங்கிவிடும்.

சரி, ஏன் அதுவரை யாரும் எதுவும் செய்யவில்லை? நிலம் அவர்களுடையது இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தீவு முழுவதும் ஏதாவது ஒரு தனி முதலாளியின் சொத்து. குடியிருப்பவர்களில் பலருக்கு உறுதியான குத்தகைப் பத்திரம்கூடக் கிடையாது. நாளைக்குக் காலி செய் என்று சொல்லக்கூடிய இடத்தில் யார் கேபிள் புதைப்பார்கள்? 1997 ஜூன் 12 அன்று, நன்கொடை திரட்டி, ஓர் அறக்கட்டளையின் பெயரில் தீவை மக்களே வாங்கினார்கள். எக்கின் மின்சாரக் கதை அந்தப் பத்திரத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

ஸ்காட்லாந்துப் பெருநிலத்திலிருந்து கடலடியில் கேபிள் இழுக்கலாமா என்று பார்த்தார்கள். தீவுக்குள்ளேயே தனி மின்னமைப்பு கட்டுவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் செலவாகும் என்று தெரிந்தது. அதனால் சொந்தமாகவே கட்டினார்கள். மொத்தச் செலவு 16 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டு. பெரும்பகுதி ஐரோப்பிய நிதி, லாட்டரி நிதி போன்ற மானியங்கள். தீவுக்காரர்களும் கைப்பணம் போட்டார்கள். 11 கிலோமீட்டர் கேபிள் மண்ணுக்கடியில் போனது. 2008 பிப்ரவரி 1 அன்று ஸ்விட்ச் போட்டார்கள்.

(திரையில்: தீவின் வரைபடம். ஓடை, குன்று, சோலார் பலகைகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.)

எங்கிருந்து வருகிறது கரண்ட்? மூன்று இடங்களிலிருந்து. மேற்குப் பக்கத்தில் லேக் (Laig) என்னும் இடத்தில் ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சுழற்றும் 100 கிலோவாட் நீர்மின் நிலையம், கூடவே சின்னதாக இன்னும் இரண்டு. ஸ்கூர் என்னும் பாறைக்குன்றின் அடிவாரத்தில் 6 கிலோவாட் காற்றாலைகள் நான்கு. பிறகு சோலார்: முதலில் 10 கிலோவாட் வைத்தார்கள், பின்னால் 50 ஆக்கினார்கள்.

குளிர்காலத்தில் மழையும் காற்றும் கொட்டும், வெயில் இருக்காது. மே, ஜூனில் ஓடை மெலிந்துவிடும், ஆனால் வடக்கே அவ்வளவு தூரத்தில் இருப்பதால் பகல் பதினேழு மணி நேரத்துக்கு மேல் நீளும். ஒன்று கைவிடும்போது இன்னொன்று தாங்குகிறது. சோலாரை மட்டும் நம்பியிருந்தால் டிசம்பரிலேயே கடையைக் கட்டியிருப்பார்கள்.

இதற்கு நடுவில் ஒரு பேட்டரி அறை. நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரியே ஈய அமில வகைதான், அளவில் பெரியது. ஏறக்குறைய ஒரு நாள் தீவைத் தாங்கும். அதுவும் வடிந்தால் டீசல் ஜெனரேட்டர் எழும். ஆண்டு மின்சாரத்தில் டீசலின் பங்கு சிறியதுதான், ஆனாலும் அதை விற்கவில்லை, பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

(திரையில்: பெரிய எழுத்தில் 50.)

இப்போது ஸ்மார்ட் கிரிட், அதாவது உற்பத்தியையும் தேவையையும் தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும் மின்கட்டமைப்பு. இந்தப் பெயரைக் கேட்டதும் பெரிய திரைகளும் கன்ட்ரோல் ரூமும் நினைவுக்கு வரும். எக்கில் நடப்பது அதைவிட அழகானது.

மாறுதிசை மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வரும். இந்த எண்தான் மின்கட்டமைப்பின் நாடித்துடிப்பு. தேவையைவிட உற்பத்தி கூடினால் துடிப்பு ஏறும், குறைந்தால் இறங்கும். இந்தியாவின் தேசிய மின்தொகுப்பையே 49.90க்கும் 50.05க்கும் இடையில் நிறுத்தத்தான் அத்தனை பாடு.

எக்கில் இந்த நாடியை இன்வெர்ட்டர்கள் வேண்டுமென்றே அசைக்கின்றன. பேட்டரி நிரம்பிவிட்டது, ஓடையில் வெள்ளம், காற்றும் பலமாக அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் துடிப்பைக் கொஞ்சம் உயர்த்தும். ஊர்ப் பொதுக்கூடத்திலும் படகுத்துறைக் கட்டடத்திலும் தேவாலயங்களிலும் உள்ள ஹீட்டர்கள் அதை உணர்ந்து தாமாகவே எரியத் தொடங்கும். அப்படியும் மிஞ்சினால் துடிப்பு இன்னும் ஏறும், காற்றாலைகள் தாமாகவே குறைத்துக்கொள்ளும். மின்சாரம் ஓடுகிற கம்பியே தந்திக் கம்பியாகவும் வேலை செய்கிறது. உபரியை வீணாக்காமல், ஊர் கூடும் இடத்தைச் சூடாக்குகிறார்கள். குளிரில் நடுங்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

பற்றாக்குறை வரும்போது இயந்திரம் போதாது, மனிதர்கள் வேண்டும். ஓடை வற்றும் நாட்களில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்கே சொல்லியனுப்புவார்கள். துணி துவைப்பதை ஒருநாள் தள்ளிப்போடுவார்கள்.

அந்த 5 கிலோவாட்டுக்கு வருவோம். அது மாதத்துக்கு இத்தனை யூனிட் என்கிற அளவு இல்லை. நாள் முழுக்கப் பயன்படுத்துங்கள், ஆனால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடாதீர்கள், அவ்வளவுதான். மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கலாம், ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் குழாயைத் திறந்தால் மாடியில் இருப்பவருக்குச் சொட்டுக்கூட வராது அல்லவா? அதே கதை. எல்லா வீட்டிலும் மீட்டர் கண்முன்னே இருக்கிறது. கெட்டில் கொதித்து முடியட்டும், அப்புறம் வாஷிங் மெஷின் என்பது அங்கே குழந்தைகளுக்கும் பழக்கம். இந்த உச்சவரம்பு இல்லையென்றால் பேட்டரியும் இன்வெர்ட்டரும் இன்னும் பெரிதாக வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பணம் அவர்களிடம் இல்லை.

(திரையில்: எரிமலைத் தீவு, மலைமேல் ஒரு நீர்த்தேக்கம்.)

பணம் இருந்தால் மட்டும் போதுமா? ஸ்பெயினின் எல் இயெரோ தீவில் சுமார் 11,000 பேர். 2014இல் ஐந்து பெரிய காற்றாலைகள், மொத்தம் 11.5 மெகாவாட், நிறுவினார்கள். காற்று மிஞ்சும்போது தண்ணீரைப் பழைய எரிமலை வாயில் கட்டிய மேல் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, காற்று நின்றதும் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். 2019 கோடையில் தொடர்ந்து 24 நாள் டீசலே இல்லாமல் ஓட்டினார்கள், சாதனைதான். ஆனால் ஆண்டு முழுக்கப் பார்த்தால், டீசல் இல்லாமல் கிடைக்கும் மின்சாரம் நல்ல ஆண்டுகளில்கூடப் பாதிக்குச் சற்று மேல்தான். காற்று வாரக்கணக்கில் ஓய்ந்தால் அத்தனை பெரிய தேக்கமும் போதாது.

(திரையில்: பவளப் பாறை மதில்கள், பனைகள், கடல். நெடுந்தீவு.)

இனி நமக்குப் பழக்கமான கடல். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. இங்கும் நெடுங்காலமாக டீசல் ஜெனரேட்டர் மின்சாரம்தான். இங்கே சோலாரும் காற்றாலையும் அமைக்கும் வேலை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் அது நின்றுபோனது. பிறகு இந்திய மானியம் 1.1 கோடி டாலர், 2024 மார்ச் 1 அன்று பெங்களூரு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம். மூன்று தீவுக்கும் சேர்த்து சோலார் 1,700 கிலோவாட், காற்று 530, பேட்டரி 2,400 கிலோவாட் மணி, காத்திருப்பு டீசல் 2,500 கிலோவாட்.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சோலார் முழு வேகத்தில் கொடுத்தால் பேட்டரி ஒன்றரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். டீசல் இயந்திரமோ காற்றும் வெயிலும் சேர்ந்ததைவிடப் பெரியது. எக்கில் ராப்பகலாகச் சுமையைத் தாங்குவது ஓடை. நெடுந்தீவு சுண்ணாம்புப் பாறைத் தட்டை, அங்கே ஓடையும் இல்லை, அருவியும் இல்லை. இருட்டிய பிறகு சோளகக் காற்றும் (தென்மேற்கிலிருந்து வருவது) வாடைக் காற்றும் (வடகிழக்கிலிருந்து வருவது)தான் துணை, அவை இரண்டும் ஓயும் இடைக்காலம் டீசலுக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. எக்கில் காற்றாலை பழுதானால் ஏறிப் பார்ப்பவர் அந்த ஊர்க்காரர், பயிற்சி எடுத்துப் பகுதிநேரமாக இந்த வேலை செய்பவர். நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவான் படகுத்துறையிலிருந்து படகு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். காற்று பலமாக அடித்துக் கடல் கொந்தளித்தால் அந்தப் படகு ஓடாது. காற்றாலை வேகமாகச் சுழல்வதும் அதே நாட்களில்தான்.