கல் கருடனின் கனம்

நேயர்களுக்கு வணக்கம். கருடனை அரூபச் சிற்பமாக வடிக்க எண்ணும் எவருக்கும் முதலில் நினைவில் எழுவது சிறகுதான். நானும் செப்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்துப் பல மாதங்கள் சிறகுகளையே செய்துகொண்டிருந்தேன். பட்டறையில் பறவைகள் நிறைந்தன. கருடன் மட்டும் வரவில்லை.

ருமேனியச் சிற்பி கான்ஸ்டன்டின் பிராங்குசி, தம் நாட்டு நாடோடிக் கதைகளில் வரும் மாயாஸ்த்ரா என்னும் மாயப்பறவையை 1910 முதல் பளிங்கிலும் வெண்கலத்திலும் வடித்தார். விரிந்த சிறகு அதில் இல்லை. புடைத்த நெஞ்சும் நிமிர்ந்த கழுத்துமே உண்டு. 1920களில் அவர் தொடங்கிய 'வான்வெளியில் பறவை' வரிசையில் அவையும் கரைந்து, மேலெழும் ஒரே வீச்சாயின. அவற்றுள் ஒன்று 1926இல் நியூயார்க் வந்தபோது, சுங்க அதிகாரிகள் அதை உலோகப் பண்டமெனக் கருதி 40 சதவீத வரி விதித்தார்கள். அது கலைப்படைப்பே என்று 1928இல் தீர்ப்பானது.

இந்த வழி கருடனுக்குப் பொருந்தாது என்பது என் துணிபு. கருடன் தனக்காகப் பறப்பவன் அல்லன், பெருமாளைத் தாங்குபவன். பெரிய திருவடி என்று நாம் அவனை அழைப்பதும் அதனால்தான். கோயில் சிற்பங்களில் அவன் ஒரு முழந்தாளைத் தரையில் ஊன்றி, மற்றொன்றை உயர்த்தி, கைகூப்பி, எழுவதற்கு முந்தைய கணத்தில் இருக்கிறான். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் கல் கருடன் புறப்படும்போது சுமப்பவர்கள் 4 பேர். வெளியே வர வர 8, 16, 32 என்று பெருகி 64 பேர் தோள்கொடுக்க வேண்டியிருக்கும் என்பது வழிவழி நம்பிக்கை. பறவைக்குப் பாரத்தை இலக்கணமாக்கிய அந்தக் கற்பனையைவிட ஆழமான சிற்பப் பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னையருகே உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில், சிற்பிகள் ஜானகிராமும் நந்தகோபாலும் உலோகத்தைக் கொண்டு, மூலவருக்குச் சாத்தும் கவசம்போல முன்முகமாக நிற்கும் உருவங்களைப் படைத்தார்கள். அந்த மரபில் நின்றே என் கருடனைத் திருத்தினேன். சிறகுகளை நீக்கினேன், கனத்த தகடு ஒன்றைத் தோளாக வளைத்தேன், அதற்கு மேலுள்ள இடத்தை, பெருமாள் எழுந்தருளும் இடத்தை, வெறுமையாக விட்டேன்.

திருவல்லிக்கேணியில் கருட சேவைக்குத் தோள்கொடுக்கும் ஸ்ரீபாதம்தாங்கி ஒருவர் சென்ற மாதம் பட்டறைக்கு வந்தார். இது என்னவென்று அவர் கேட்கவில்லை. தகட்டின் வளைவில் கைவைத்து, "தண்டு அழுத்துவது இந்த இடத்தில்தான்" என்றார்.