டோப்சிக்: பன்னிரண்டு மணி நேர மாத்திரை

[திரை: பச்சை நிற மாத்திரை ஒன்று. ஒரு பக்கம் 'ஓசி', மறுபக்கம் '80'.]

இந்த ஆக்ஸிகான்டின் மாத்திரைக்குள்ள 80 மில்லிகிராம் ஆக்ஸிகோடோன் இருக்கு. அமெரிக்காவுல வலிக்கு எழுதிக் கொடுக்கிற பெர்கோசெட் மாத்திரை ஒண்ணுல அதே மருந்து சாதாரணமா 5 மில்லிகிராம்தான். கணக்குப் போட்டா, இது ஒண்ணு அதுல பதினாறு. வாய் வழியா சாப்பிடும்போது மார்ஃபினை விட ஆக்ஸிகோடோனுக்கு சுமார் ஒன்றரை மடங்கு வீரியம். ஆனா தொண்ணூறுகள்ல நிறைய அமெரிக்க டாக்டர்கள் இதை மார்ஃபினை விட லேசான மருந்துன்னு நினைச்சுட்டு இருந்தாங்க. தயாரிச்ச பர்டூ பார்மாவுக்கு அது தெரியும். 1997-ல கம்பெனி மேல்மட்டத்துல போய்வந்த மின்னஞ்சல்கள்லயே இந்தப் பேச்சு இருக்கு. அந்தத் தப்பு நினைப்பைத் திருத்தப் போக வேண்டாம்னு விட்டுட்டாங்க.

[திரை: தொடரின் போஸ்டர்.]

'டோப்சிக்' பார்த்தவங்க நிறைய பேர் பர்டூவோட சொந்தக்காரங்களான சாக்லர் குடும்பத்தைத் திட்டிட்டு டிவியை அணைச்சிருப்பாங்க. திட்டுறது நியாயம்தான். ஆனா இந்தத் தொடரோட கெட்டிக்காரத்தனம் வேற இடத்துல இருக்கு. ஒரு மாத்திரை உடம்புக்குள்ள எப்படி வேலை செய்யுதுங்கிறதுல ஆரம்பிச்சு, சுரங்க ஊர் ஒண்ணு எப்படிச் சரிஞ்சதுங்கிற வரைக்கும் ஒரே சங்கிலியா கோர்த்துக் காட்டுது. அதோட முதல் கண்ணி, 'ஒரு மாத்திரை போட்டா பன்னிரண்டு மணி நேரம் வலி இருக்காது'ங்கிற வாக்குறுதி. அதைத்தான் இப்போ பிரிச்சுப் பார்க்கப் போறோம். கதை கொஞ்சம் தெரிஞ்சுடும். முடிவைச் சொல்லல.

முதல்ல அடிப்படைத் தகவல். 2021-ல ஹூலு ஓடிடி தளத்துல வந்த எட்டு எபிசோடு மினி சீரிஸ். பெத் மேசி 2018-ல எழுதின புத்தகத்தை வச்சு டேனி ஸ்ட்ராங் உருவாக்கினது. டாக்டர் சாமுவேல் ஃபினிக்ஸா நடிச்ச மைக்கேல் கீட்டனுக்கு எம்மி விருது கிடைச்சது. ரிச்சர்ட் சாக்லரா மைக்கேல் ஸ்டூல்பார்க் வர்றாரு. முணுமுணுன்னு பேசிட்டே பயமுறுத்துறாரு.

[திரை: வர்ஜீனியா மாநில வரைபடம். தென்மேற்கு மூலை மட்டும் வட்டமிடப்படுகிறது.]

எது நிஜம், எது கற்பனை? ஃபின்ச் க்ரீக்ங்கிற ஊர் கற்பனை. டாக்டர் ஃபினிக்ஸ், சுரங்கத்துல வேலை செய்ற பெட்ஸி, மெடிக்கல் ரெப் பில்லி, போதைத் தடுப்பு அதிகாரி பிரிட்ஜெட் எல்லாரும் கற்பனைப் பாத்திரங்கள். பல பேரோட அனுபவத்தைச் சேர்த்து வடிச்சது. பர்டூ மேல வழக்கு நடத்தின அரசு வழக்கறிஞர்கள் ரிக் மவுண்ட்காசில், ரேண்டி ராம்சேயர், அவங்க மேலதிகாரி ஜான் பிரவுன்லீ நிஜ மனுஷங்க. நிலக்கரிச் சுரங்கம் நிறைஞ்ச அந்த மலைப்பகுதியும் நிஜம். அங்க லீ கவுண்டியில டாக்டரா இருந்த ஆர்ட் வான் ஸீ, ஊர்ல நடக்கிறதைப் பார்த்துட்டு கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் ஆரம்பத்துலயே எச்சரிக்கை எழுதினவரு. பின்னாடி 2009-ல இந்த மருந்தோட விற்பனை உத்தியைப் பத்தி அவர் எழுதின கட்டுரையிலேர்ந்துதான் விற்பனைக் கணக்குகளை இந்த வீடியோவுல எடுத்திருக்கோம்.

பார்க்கும்போது ஒண்ணு கவனிங்க. தொடர் காலத்துல முன்னும் பின்னும் தாவிட்டே இருக்கும். ஆண்டு எண் திரையில ரெண்டு வினாடிதான் நிக்கும். அதைத் தவறவிட்டா ஃபினிக்ஸ் ஒரு காட்சியில தெளிவாவும் அடுத்ததுல உருக்குலைஞ்சும் இருக்கிறது புரியாது. வழக்கறிஞர்கள் வர்ற 2000-க்கு அப்புறமான காட்சிகளை முதுகெலும்பா வச்சுக்கோங்க. மத்ததெல்லாம் அவங்க தோண்டி எடுக்கிற பழசு.

[திரை: இரத்தத்தில் மருந்தின் அளவு. ஒரு கோடு ஏறி இறங்குகிறது. கீழே மணி: 0, 4, 8, 12.]

இப்போ மாத்திரைக்கு வருவோம். ஆக்ஸிகோடோன் புது மருந்தே இல்ல. இருபதாம் நூற்றாண்டோட ஆரம்பத்துலேர்ந்து இருக்கு. இரத்தத்துல அதோட அளவு மூணு, நாலு மணி நேரத்துல பாதியாயிடும். அதனால நாளுக்கு நாலு தடவைக்கு மேல கூட போட வேண்டியிருக்கும். பர்டூ செஞ்சது, மருந்தை மெதுவா கசிய விடுற ஒரு கலவைக்குள்ள வச்சது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போதும்னு சொல்லி 1996-ல சந்தைக்குக் கொண்டுவந்தாங்க.

மெதுவான்னா முழுக்க மெதுவா இல்ல. மருந்துல சுமார் 38 சதவீதம் முதல்ல வேகமா வெளிய வந்துடும். மிச்சம்தான் சாவகாசமா வரும். சிலருக்கு எட்டாவது மணி நேரத்துலயே வலி திரும்பி வந்துடுச்சு. வலி மட்டும் இல்ல, அடுத்த மாத்திரைக்கான தவிப்பும் சேர்ந்து.

டாக்டர் என்ன செய்யலாம்? பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைங்கிறதை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறைன்னு மாத்தலாம். ஆனா அப்படி மாத்தினா, மலிவான மத்த வலி மாத்திரைகளை விட்டுட்டு விலை கூடின இதை எதுக்கு வாங்கணும்ங்கிற கேள்வி வந்துடும். அதனால ரெப்புகளுக்குக் கொடுத்த பாடம்: இடைவெளியைக் குறைக்காதீங்க, டோஸை ஏத்தச் சொல்லுங்க. 10 போதலன்னா 20. அப்புறம் 40, 80. 2000-ல 160 மில்லிகிராம் மாத்திரையே வந்துச்சு. மறுவருஷம் அதை நிறுத்திட்டாங்க. தொடர்ல பில்லி வந்து ஃபினிக்ஸ் கிட்ட டோஸை இரட்டிப்பாக்கச் சொல்ற காட்சி இங்கேர்ந்து வந்ததுதான்.

டோஸ் ஏறினா உச்சம் உயரும். உச்சம் உயர்ந்தா இறக்கமும் ஆழமாகும். பன்னிரண்டாவது மணிக்கு முன்னாடி வர்ற அந்தத் தவிப்பு இன்னும் மோசமாகும். திருப்பி டாக்டர் கிட்ட போவாங்க, திருப்பி டோஸ் ஏறும். மாத்திரையைப் பொடிக்காம, திருடாம, டாக்டர் சொன்ன நேரத்துக்கு விழுங்கினவங்களே எப்படிச் சிக்கினாங்கன்னு கேட்டா, பதில் இந்தச் சுழல்தான். பெட்ஸியோட கதையில தொடர் இதைத் துல்லியமா காட்டுது. முதுகுல அடிபட்ட பொண்ணு, வேலைக்குத் திரும்பணும்னு மருந்து சாப்பிடுறா. கையில கடிகாரம் பார்த்துட்டே சுரங்கத்துக்குள்ள நிக்கிறவளுக்கு எட்டாவது மணி நேரம்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

பொடிச்சவங்க கதை வேற. அந்தக் கலவை உடைஞ்சா பன்னிரண்டு மணி நேரத்துக்கான மொத்த மருந்தும் ஒரே நேரத்துல உடம்புல இறங்கும். மாத்திரையை உடைக்கக் கூடாதுன்னு லேபிள்ல எச்சரிக்கை இருந்துச்சு. அதைப் படிச்சவங்களுக்கு வழியும் தெரிஞ்சுபோச்சு.

[திரை: மருந்து லேபிளில் ஒரு வரி மட்டும் மஞ்சள் நிறத்தில்.]

அதே லேபிள்ல இன்னொரு வரி. மருந்து தாமதமா உறிஞ்சப்படுறதால தவறா பயன்படுத்துற வாய்ப்பு குறையும்னு நம்பப்படுதுங்கிற அர்த்தத்துல. அந்த நம்பிக்கைக்குப் பின்னாடி எந்த மருத்துவ ஆய்வும் இல்ல. 1995 டிசம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை அனுமதிச்சது. விண்ணப்பத்தைப் பரிசீலிச்ச அதிகாரி கர்டிஸ் ரைட், அங்கேர்ந்து விலகி கொஞ்ச காலத்துல பர்டூவுலயே வேலைக்குச் சேர்ந்தாரு. மவுண்ட்காசிலும் ராம்சேயரும் பேப்பர் மலைக்கு நடுவுல உட்கார்ந்து இந்த ஒத்தை வரியைத் துரத்துறதுதான் எங்களுக்குத் தொடர்லயே பிடிச்ச பகுதி. 2001 ஜூலையில அந்த வரியை எடுத்துட்டு, கறுப்புக் கட்டம் போட்ட, இருக்கிறதுலயே கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தாங்க. அதுக்குள்ள வருஷ விற்பனை 4.8 கோடி டாலர்லேர்ந்து சுமார் 110 கோடி டாலர் ஆயிடுச்சு.

[திரை: மீன்பிடித் தொப்பி, பஞ்சு பொம்மை, இசைக் குறுந்தகடு. மூன்றிலும் மருந்தின் பெயர்.]

இவ்வளவு வேகமா எப்படி வித்தாங்க? எந்த டாக்டர் எவ்வளவு ஓபியாய்டு (ஆக்ஸிகோடோன், மார்ஃபின் மாதிரியான வலி மருந்து வகை) எழுதுறாருங்கிற தரவை விலைக்கு வாங்கினாங்க. ஏற்கெனவே நிறைய எழுதுறவங்களைப் பார்த்து ரெப்பை அனுப்பினாங்க. சுரங்கம், மரம் வெட்டுற தொழில்னு அடிபடுற ஆட்கள் அதிகமா இருக்கிற பகுதிகள் தானா முதல்ல வந்துச்சு. 1996-லேர்ந்து 2001 வரைக்கும் செலவெல்லாம் கம்பெனியே ஏத்துக்கிட்ட நாற்பதுக்கும் மேலான மாநாடுகள். டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட்னு 5,000 பேருக்கு மேல போயிருக்காங்க. 7 நாள்லேர்ந்து 30 நாள் வரைக்கும் மருந்தை இலவசமா வாங்கிக்கக் கூப்பன். அப்படி சுமார் 34,000 கூப்பன் பயன்பட்டிருக்கு. ரெப்புக்கு 2001-ல சராசரிச் சம்பளம் 55,000 டாலர், சராசரி போனஸ் 71,500. சம்பளத்தை விட போனஸ் பெருசா இருந்தா மனசாட்சி எந்தப் பக்கம் சாயும்னு பில்லியோட முகத்துல தெரியும்.

டாக்டர் தயங்கினா? அதுக்கும் பதில் பையிலயே இருந்துச்சு: அடிமையாகிறவங்க ஒரு சதவீதத்துக்கும் கம்மி. இதுக்கு ஆதாரமா அடிக்கடி காட்டினது 1980-ல ஒரு மருத்துவ இதழுக்கு வந்த கடிதம். ஆய்வுக் கட்டுரை இல்ல, ஐந்தே வாக்கியக் கடிதம். 11,882 நோயாளிகள்ல நாலு பேர்தான் அடிமையானதா பதிவாகியிருக்குன்னு சொல்லுது. ஆனா அவங்க எல்லாரும் ஆஸ்பத்திரியில படுத்திருந்து, கண்காணிப்புல மருந்து வாங்கினவங்க. மாசக்கணக்குல வீட்டுல வச்சுச் சாப்பிட்டவங்க இல்ல. 2017-ல வந்த ஒரு கணக்கெடுப்புப்படி இந்தக் கடிதத்தை 608 தடவை மேற்கோள் காட்டியிருக்காங்க. அதுல அஞ்சுல நாலு பங்கு பேர், அது ஆஸ்பத்திரி உள்நோயாளிகளைப் பத்தினதுன்னே குறிப்பிடல.

நோயாளி தவிக்கிறது கண்ணு முன்னாடியே தெரிஞ்சா? அது போலி அடிமைத்தனம், வலி சரியா அடங்காததால வர்றது, இன்னும் கொடுங்கன்னாங்க. இந்தக் கருத்து 1989-ல ஒரே ஒரு நோயாளியை வச்சு எழுதப்பட்டது: இரத்தப் புற்றுநோய் வந்த 17 வயசுப் பையன். எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் பின்னாடி பர்டூவுக்கே வேலைக்குப் போனாரு.

[திரை: இருட்டு அறை. வியர்த்த கை. கடிகாரம்.]

மருந்து நின்னா என்ன ஆகும்? குறுகிய நேர ஓபியாய்டுன்னா 8 மணி நேரத்துலேர்ந்து ஒரு நாளுக்குள்ள விலகல் அறிகுறிகள் ஆரம்பிக்கும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், விரிஞ்ச கண்மணி. அப்புறம் வயித்துப் பிசைவு, வாந்தி, பேதி, கால் தானா உதைக்கிறது. ரெண்டாவது மூணாவது நாள் உச்சம். ஒரு வாரத்துல உடம்பு தணியும். ஆனா ஏக்கம் தணியாது. ஆபத்தே அங்கதான். மருந்தை நிறுத்தின கொஞ்ச நாள்லயே உடம்போட தாங்குதிறன் இறங்கிடும். பழைய அளவையே திருப்பி எடுத்தா மூச்சு நின்னுடும். மறுவாழ்வு மையத்துலேர்ந்து வந்த சில நாள்ல நிறைய பேர் இறந்துபோறது இதனாலதான்.

தொடர்ல டாக்டர் ஃபினிக்ஸே கார் விபத்துக்கப்புறம் இதுல மாட்டுறாரு. அவர் மீண்டு வர்றதுக்கு உதவுறது புப்ரெனார்ஃபின். அமெரிக்காவுல இந்தச் சிகிச்சைக்கு 2002-ல அனுமதி கிடைச்சது. இதுவும் ஓபியாய்டுதான், ஆனா பாதிதான் வேலை செய்யும். ஒரு அளவுக்கு மேல போதையும் ஏறாது, மூச்சையும் அவ்வளவா அமுக்காது. நாக்குக்கு அடியில வச்சுக் கரைய விடணும். விழுங்கினா பெரும்பகுதி வீண்.

முதல் டோஸ் கொடுக்கிறதுலதான் சூட்சுமம். உடம்புல பழைய ஓபியாய்டு இருக்கும்போதே கொடுத்தா, இது அதை ஏற்பிகள்லேர்ந்து, அதாவது மருந்து ஒட்டிக்கிற இடங்கள்லேர்ந்து, தள்ளிவிட்டு இடத்தைப் பிடிச்சுக்கும். சீக்கிரமே கடுமையான விலகல் அறிகுறி வெடிக்கும். அதனால கடைசியா எடுத்து வழக்கமா 12 மணி நேரத்துக்கு மேல ஆகி, அறிகுறி ஓரளவு தெரிய ஆரம்பிச்ச பிறகுதான் 2 அல்லது 4 மில்லிகிராம்ல தொடங்குவாங்க. அவசரப்பட்டு முதல் டோஸிலயே அடிபட்டவங்க, இந்த மருந்தே வேண்டாம்னு ஓடிடுவாங்க. தொடர் இந்த நுணுக்கத்துக்குள்ள போகல.

இங்க ஒரு வயித்தெரிச்சல். ஆக்ஸிகான்டின் எழுத ஒரு டாக்டருக்கு எத்தனை நோயாளிங்கிற வரம்பே கிடையாது. அதுலேர்ந்து மீட்கிற புப்ரெனார்ஃபினை எழுதணும்னா 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி 8 மணி நேரப் பயிற்சி, தனி அனுமதி, ஆரம்பத்துல 30 நோயாளிக்கு மேல கூடாது. அந்தத் தனி அனுமதி முறையை 2022 டிசம்பர்லதான் ஒழிச்சாங்க.

[திரை: அபிங்டன் நீதிமன்றம்.]

வழக்கு 2007-ல முடிஞ்சது. பர்டூவோட இணை நிறுவனம் மருந்தைத் தவறா விளம்பரப்படுத்தினதை ஒப்புக்கிட்டது. கம்பெனி 60 கோடி டாலர், மூணு உயர் அதிகாரிகள் 3.45 கோடி டாலர் கட்டினாங்க. அவங்களைப் பெருங்குற்றத்துல சிக்க வைக்கணும்னுதான் வழக்கறிஞர்கள் பரிந்துரைச்சாங்க, கடைசியில சிறுகுற்றம்தான். சிறை இல்ல. நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும்.

தொடர் விட்டுட்டது என்ன? பர்டூ மட்டும்தான் வில்லன்ங்கிற மாதிரி ஒரு எண்ணம் வந்துடுது. மாத்திரையை லாரி லாரியா சின்ன ஊர் மருந்துக் கடைகளுக்கு அனுப்பின மொத்த விநியோகஸ்தர்கள் கதையில கிட்டத்தட்ட இல்லவே இல்ல. மெக்கெசன், கார்டினல், அமெரிசோர்ஸ்பெர்கன் மூணும், ஜான்சன் அண்ட் ஜான்சனும் சேர்ந்து 2,600 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் பண்ணியிருக்காங்க. 2010-ல பொடிக்க முடியாத மாத்திரை வந்ததும் நிறைய பேர் ஹெராயினுக்குப் போனதும், அப்புறம் ஃபென்டனில் வந்ததும் இன்னொரு தொடருக்கான கதை. 1999-லேர்ந்து 2021 வரைக்கும் ஓபியாய்டு அதிக டோஸால இறந்தவங்க சுமார் 6,45,000 பேர்.

இதே விஷயத்துல 2023-ல நெட்ஃபிளிக்ஸ் 'பெயின்கில்லர்'னு ஆறு எபிசோடு போட்டுச்சு. வேகம் அதிகம், கூச்சலும் அதிகம். ரெண்டுல ஒண்ணுதான் நேரம் இருக்குன்னா 'டோப்சிக்' பாருங்க.

தொடர் வந்த பிறகு நடந்தது: சாக்லர் குடும்பத்துக்கு வழக்குகள்லேர்ந்து பாதுகாப்பு கொடுத்த, பர்டூவோட திவால் ஒப்பந்தத்தை 2024 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலுன்னு தள்ளுபடி செஞ்சது. புது ஒப்பந்தம் சுமார் 740 கோடி டாலருக்கு. 2025 நவம்பர்ல நீதிமன்றம் ஏத்துக்கிட்டது. பணத்துல பெரும்பகுதி சாக்லர் குடும்பம் கொடுக்கணும், 15 வருஷத் தவணையில.