எதை விடுவது?

(தருமபுரியில் ஒரு மகளிர் கல்லூரி விளையாட்டு விழாவில் பேசியது)

முதல்வர் அம்மா அவர்களே, உடற்கல்வி இயக்குநர் அவர்களே, காலையிலிருந்து வெயிலில் நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மேடைக்கு வரும்போது ஒரு மாணவி மடக்கிக் கேட்டாள்: "சார், கபடியும் ஆடுறேன், நீளம் தாண்டுதலும் போறேன். ஒண்ணை விட்டுடுன்னு சொல்றாங்க. எதை விடறது?" எழுதி வந்த பேச்சைப் பையில் போட்டுவிட்டேன். இதையே பேசுவோம்.

ஜாக்கி ஜாய்னர் என்று ஒரு பெண். அமெரிக்காவில் கிழக்கு செயின்ட் லூயிஸ் என்ற ஏழைப்பட்ட ஊரில் 1962இல் பிறந்தவர். 1980இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சீட்டும் உதவித்தொகையும் கூடைப்பந்துக்காகக் கிடைத்தவை. ஆனால் தடகளத்தை விட அவருக்கு மனசில்லை. முதலாண்டிலேயே அம்மா மூளைக்காய்ச்சலில் தவறிவிட்டார். ஆஸ்துமா இருப்பதும் கல்லூரிக் காலத்தில்தான் தெரிந்தது. நம் வீடுகளில் என்றால் இவ்வளவும் வேண்டாம், இதில் பாதி போதும், பிள்ளையைத் திரும்பக் கூட்டிவர.

அங்கே தடகளத் துணைப் பயிற்சியாளராக இருந்த பாப் கெர்சி, இந்தப் பெண்ணை ஹெப்டத்லான் பக்கம் திருப்பினார். (1986இல் அவரையே மணந்துகொண்டார், அது தனிக் கதை.) ஹெப்டத்லான் என்றால் இரண்டு நாளில் ஏழு போட்டி: முதல் நாள் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர்; மறுநாள் நீளம் தாண்டுதல், ஈட்டி, கடைசியாக உயிரை எடுக்கும் 800 மீட்டர். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு; ஏழையும் கூட்டி அதிகம் எடுத்தவருக்கே தங்கம். 1982, 1983 இரண்டு ஆண்டும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான பட்டம் அவருக்குத்தான். கூடைப்பந்திலும் சும்மா பெஞ்சில் உட்காரவில்லை. கல்லூரிக்காக மொத்தம் 1,167 புள்ளி எடுத்தார்.

எப்படி முடிந்தது? உடம்பு வாகு மட்டும் என்று சொல்லாதீர்கள். அங்கே கூடைப்பந்து குளிர்காலத்தில், திடல் தடகளம் வசந்தத்தில். ஒன்று முடியும்போது மற்றொன்று சூடு பிடிக்கும். அப்படியும் 1984 ஒலிம்பிக்கை மனதில் வைத்து ஒரு கூடைப்பந்துப் பருவத்தை விட்டுக்கொடுத்தார். ஒரே ஒரு பருவத்தை. ஆட்டத்தையே அல்ல.

அந்த ஒலிம்பிக்கைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தொடைத் தசையில் காயம், கட்டுப் போட்டபடி ஓடுகிறார். கடைசி 800 மீட்டரில் அண்ணன் ஆல் ஜாய்னர் மைதானத்துக்குள் கூடவே ஓடிக் கத்துகிறார். அவரும் வீரர்தான், மும்முறை தாண்டுதலில் தங்கம் வாங்கியவர். முடிவில் ஆஸ்திரேலியாவின் கிளினிஸ் நன் 6,390 புள்ளி, ஜாக்கி 6,385. ஐந்தே புள்ளி! அந்த ஓட்டத்தில் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு முந்தியிருந்தால் தங்கம்.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. வெள்ளிப் பதக்கத்தோடு வந்தவர் மறுபடி கூடைப்பந்து அணிக்கே திரும்பி, 1984-85 பருவம் முழுக்க ஆடினார். "ஒலிம்பிக் போய் வந்தவளுக்கு இது எதுக்கு?" என்று நம் ஊரில் டீக்கடை வரை கேட்டிருப்பார்கள். அந்த ஆண்டின் தலைசிறந்த கல்லூரி வீராங்கனை விருது அவருக்கே வந்தது. வரலாற்றுப் பாடத்தில் பட்டமும் வாங்கினார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஹெப்டத்லானில் எடுத்த 7,291 புள்ளியை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

ஆகவே அம்மா, இங்கே கேட்க வேண்டியது பிள்ளையிடம் அல்ல, நம்மிடம். கபடித் தேர்வும் தடகளத் தேர்வும் ஒரே வாரத்தில் மோதினால், ஒரு மாணவிக்காக ஒன்றைத் தள்ளி வைக்கிறோமா? பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து வரும் பிள்ளை மாலைப் பயிற்சிக்கு நின்றால் பஸ் போய்விடும். டிக்கெட் இலவசம்தான், பஸ் காத்திருக்காதே. பயிற்சியைக் காலைக்கு மாற்றலாம், வருகைப் பதிவில் முதல் மணியைத் தளர்த்தலாம். இந்த ஆண்டு அட்டவணை போடும்போது இரண்டு விளையாட்டு ஆசிரியர்களும் ஒரே மேசையில் உட்காரட்டும்.

கேட்ட பிள்ளை எங்கே? நீ இப்போதைக்கு எதையும் விடாதே. 400 மீட்டருக்குக் கூப்பிடுகிறார்கள், நானும் முடித்துக்கொள்கிறேன்.