காதில் விழாத கொக்கி

நேயர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவன் நான். காதில் விழாத ஒரு குறியைப் பற்றி வானொலியில் பேச வந்திருக்கிறேன்!

போன வாரம் காட்பாடியில் ஒரு கடைக்குப் புதுப் பலகை எழுதிக்கொண்டிருந்தார் ஓவியர். ஆங்கிலத்தில் டி.வி. என்று எழுதினார், மேலே ஒரு கொக்கி போட்டார், பிறகு எஸ் எழுதினார். "கொக்கி எதற்கு ஐயா?" என்றேன். "எஸ் ஒட்டிக்கொண்டு நின்றால் எடுப்பாக இல்லை சார்" என்றார்.

அந்தக் கொக்கியின் பெயர் அபாஸ்ட்ரபி. எம்.எல்.ஏ.வின் கார் என்றால் அது வேண்டும். மூன்று எம்.எல்.ஏ.க்கள் வந்தார்கள் என்றால் வெறும் எஸ் போதும். எம்.எல்.ஏ.க்களின் கார்கள் என்றால் எஸ்ஸுக்குப் பின்னால் கொக்கி. நம் வேலூர் ஆபீசர்ஸ் லைனை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: கொக்கி எஸ்ஸுக்கு முன்னால் வந்தால் தெரு ஒரே அதிகாரிக்குச் சொந்தம், பின்னால் வந்தால் பலருக்கு. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான்.

தனி எழுத்துக்கு மட்டும் சலுகை உண்டு. சிறிய 'ஐ'யோடு எஸ் சேர்த்தால் 'இஸ்' என்று வேறு சொல்லாகிவிடும். அங்கே கொக்கிதான் காப்பாற்றுகிறது. தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஈக்கள், பூக்கள் போல எம்.எல்.ஏ.க்கள் என்று ஒரு 'க்' வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பிரதிப்பெயர்கள் வேறு கதை. ஹீ, ஷீ, இட் மூன்றுக்கும் பன்மை ஒரே 'தே'. அவர்கள் என்றும் அவை என்றும் பிரித்துப் பழகிய நமக்கு அது கொஞ்சம் கஞ்சத்தனமாகத் தெரியும். நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே 'வீ'. எதிரில் இருப்பவரையும் சேர்த்தா, விட்டா என்று அவரே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

"ஒருத்தர்தானே சார், ஏன் யூ ஆர்?" என்று கேட்காத வகுப்பே இல்லை. 'யூ' பிறப்பால் பன்மை. ஒருமைக்கு 'தௌ' இருந்தது. நாம் ஒருவரையே நீங்கள் என்பதுபோல, அவர்களும் மரியாதைக்காக யூ என்றார்கள். மரியாதை பெருகப் பெருக 'தௌ' வழக்கொழிந்தது. 'ஆர்' மட்டும் பழைய பன்மைக்குச் சாட்சியாக நிற்கிறது.

ஓவியரிடம் சொன்னேன். துணியை டர்பன்டைனில் நனைத்துக் கொக்கியைத் துடைத்தார். நடுவில் இடம் காலியாகிவிட்டது. சற்று யோசித்து, அங்கே சிவப்பில் ஒரு நட்சத்திரம் வரைந்தார்.