ஏற்காட்டு விறகில் ஒட்டியிருக்கிற பூஞ்சை

வணக்கம் மக்களே. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்குள்ளே, நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கிறேன். விழுந்து கிடக்கிற இந்தக் கிளையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், கேமராவைக் கிட்டக் கொண்டு வருகிறேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி படிந்திருக்கிறதே, இது பூஞ்சை. குடையும் இல்லை, காம்பும் இல்லை. ஓரம் மட்டும் நூல் நூலாகப் பிரிகிறது தெரிகிறதா? அங்கேதான் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இதைத் தனியாக உரித்தெடுக்க வராது. அதனால் அந்தக் காலத்தில் சேகரித்தவர்கள் பட்டையோடு செதுக்கி, காயவைத்து, காகிதத்தில் மடித்து வைத்தார்கள். சதைப்பற்றுள்ள காளான் காய்ந்தால் சுருங்கி உருமாறிவிடும், இது ஏற்கெனவே மெல்லிசு என்பதால் அவ்வளவு மாறாது. நூறு வருடப் பழைய துண்டிலிருந்துகூட ஒரு துணுக்கைக் கீறி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால், ஒடுங்கிப்போன இழைகள் மறுபடி உப்பி மைக்ராஸ்கோப்பில் தெரியும். அதோடு மரமும் கூடவே வந்துவிடுகிறது பாருங்கள், எந்த மரம் என்று எழுதாமல் விட்டிருந்தாலும் கட்டையை வைத்துக் கண்டுபிடிக்க வாய்ப்பு இருக்கிறது!

நீலகிரியில் பெரோத்தே என்ற தாவரவியலாளர் சேகரித்த பூவாத் தாவரங்களையும் பூஞ்சைகளையும் மொந்தாஞ் என்ற பிரெஞ்சுப் பூஞ்சை ஆய்வாளர் 1842இல் விவரித்து வெளியிட்டார். அப்புறம் பூஞ்சை ஆய்வாளர் பட்லர் 1905இல் பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கிய பூஞ்சைத் தொகுப்பு. 1934 நிலநடுக்கத்தில் அந்த ஆராய்ச்சி நிலையமே சேதமாகி, 1936இல் டெல்லிக்கு மாறியது, தொகுப்பு இன்றைக்கும் அங்கே இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பழைய பொட்டலங்களைத் தொட நேர்ந்தால் கையுறை போடுங்கள், பூச்சி அரிக்காமலிருக்க அப்போது பாதரச உப்பு பூசுவது உண்டு. இப்போதெல்லாம் ஃப்ரீசரில் வைத்தே பூச்சியைக் கொன்றுவிடுகிறார்கள்.

சரி, இந்தத் துண்டோடு வைக்க நான் எழுதுகிற குறிப்புச் சீட்டு. மரம் சில்வர் ஓக், செத்த கிளை, பட்டை உதிரவில்லை, தரையில் கிடந்தது, இடம், உயரம், தேதி. பூஞ்சையின் பெயரை இப்போது எழுதவில்லை, வித்துகளை, அதாவது ஸ்போர்களை, மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் வெள்ளைப் படலத்துக்குப் பெயர் வைப்பது தப்பு. மரத்தின் பெயரைத்தான் இங்கேயே எழுதியாக வேண்டும், வீட்டுக்குப் போனால் எல்லாக் குச்சியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சேர்வராயன் மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களே, நிழல் மரக் கிளை கழிக்கும்போது விறகுக்கு அனுப்புவதற்கு முன்னால் அடிப்பக்கத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள், படலம் தெரிந்தால் மரத்தின் பெயரோடு கமெண்டில் போடுங்கள்.