கிளம்பிய இடத்தின் சாயல்

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியது. எழுத்துக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

பெரியோர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், ஆறாம் படிவ மாணவர்களுக்கும் வணக்கம்.

1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க ஓர் இளம் தமிழாசிரியர் போனார். வயது 25. அந்த ஊர்க் கல்லூரியில் அந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று ஆசிரியர் அடுக்கிக்கொண்டே போனார். பட்டியல்தான் நீண்டது, முதலியார் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. இதெல்லாம் சரி, இவற்றுக்கு முந்திய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். ஆசிரியர் படித்ததில்லை.

அந்த ஆசிரியர் உ. வே. சாமிநாதையர் என்று சொல்லத் தேவையில்லை. இந்தக் கதை இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஒரு கேள்வி தமிழையே காப்பாற்றியது என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு மேடையில் நாம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். இன்றைக்கு அப்படிப் போக எனக்கு மனமில்லை. அந்தக் கேள்வி சிந்தாமணியில் தொடங்கியதே, அதனால் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

சிந்தாமணி சமணக் காப்பியம். சைவ மடத்துச் சூழலில் வளர்ந்த படிப்பை வைத்துக்கொண்டு அதைத் திறந்தால் பல இடங்கள் பிடிபடவில்லை. ஐயர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். அங்கே அந்தக் காப்பியம் வெறும் இலக்கியமாக இல்லை. சமய நூலாகவே மதித்துப் படித்துப் பொருள் சொல்லி வந்தார்கள். தெரியாததை அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம் நச்சினார்க்கினியர் உரை. அந்த உரையாசிரியர் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதும்போது எங்கிருந்தோ ஓர் அடியை எடுத்துக் காட்டுவார். எந்த நூல் என்று பல இடங்களில் சொல்ல மாட்டார். இந்த அடிகள் எங்கே இருக்கின்றன என்று தேடப் போய்த்தான் ஐயர் சங்க நூல்களின் ஏடுகளுக்குள் நுழைந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை.

அவருடைய பதிப்பு எதையாவது கையில் எடுத்துப் பாருங்கள். அடிக்குறிப்பில் ஒப்புமைப் பகுதிகள் வரிசையாக நிற்கும்: இந்த அடி அந்த நூலில் இப்படி வருகிறது, அந்தச் சொல் இந்த உரையில் இப்படி ஆளப்படுகிறது என்று. பெயர் சொல்லாத மேற்கோளுக்கு ஊர் ஊராக மூலம் தேடி அலைந்த அந்த முதல் ஏழு ஆண்டுகளின் பழக்கம் கடைசிவரை அவர் கையை விட்டுப் போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி. வை. தாமோதரம் பிள்ளையின் வழி வேறு. அவர் இலக்கணத்திலிருந்து கிளம்பினார்: 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம், 1881-இல் வீரசோழியம், பிறகு பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை. இருவரும் வந்து சேர்ந்தது சங்க இலக்கியத்துக்குத்தான். ஆனால் யார் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள் என்பது பதிப்பைப் பார்த்தாலே தெரிகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். தொடக்கத்தில் கிடைக்கும் உந்துதல் நம்மைக் கிளப்பிவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை. பெரும்பாலும் வழியையும் அதுவே வகுத்துவிடுகிறது. போய்ச் சேர்ந்த இடத்திலும் அதன் சாயல் படிந்திருக்கிறது. அந்த உந்துதல் தப்பானதாக இருந்தாலும் அப்படித்தான்.

ஐயர் 1903-இல் கும்பகோணம் கல்லூரியை விட்டுச் சென்னைக்குப் போனார். மறு ஆண்டு அதே கல்லூரிக்குப் படிக்க வந்த பையன் ஒருவன் கணக்கைத் தவிர வேறெதையும் தொடாமல் தேர்வில் தோற்று, உதவித்தொகையையும் இழந்தான். சீனிவாச இராமானுசன். இவர்கள் இரண்டு பேரும் அந்தக் கல்லூரித் தாழ்வாரத்தில் எதிரெதிரே வராமல் போனது எனக்கு எப்போதுமே வருத்தம்.

இராமானுசன் பள்ளியில் படிக்கும்போது, 1903 வாக்கில், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று கையில் கிடைத்தது. மேதைகள் எழுதிய மாபெரும் நூல் என்று நினைத்துவிட வேண்டாம். கார், மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்யும் தனிப்பயிற்சி ஆசிரியர். நம் பிள்ளைகளின் புத்தகப் பையில் இருக்கும் தேர்வு வழிகாட்டி நூலுக்கு அது தூரத்துச் சொந்தம். கிட்டத்தட்ட 5,000 முடிவுகள் எண்ணிட்டு வரிசையாக இருக்கும். நிறுவல் மட்டும் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் ஒரு வரிக் குறிப்புதான். அந்தப் பையன் ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்த்தான். காகிதம் விலை. அதனால் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதுவான். முடிவு மட்டும் நோட்டுக்குப் போகும். வழி முழங்கையோடு போய்விடும்.

அந்த நோட்டுகளின் தோரணை காரின் புத்தகத்தின் தோரணையேதான். முடிவு, அடுத்த முடிவு, அதற்கடுத்த முடிவு. 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்து எழுத்தராக இருந்துகொண்டு கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான். நிறுவல் எங்கே என்பதுதான் ஹார்டி திரும்பத் திரும்பக் கேட்டது. அந்த நோட்டுகளில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக நிறுவி முடித்து புரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வந்தன. இன்னொன்றும் உண்டு, இதை நாம் அதிகம் பேசுவதில்லை. பகா எண்கள் பற்றி அவர் தொடக்கத்தில் எழுதியவற்றில் தவறுகள் இருந்தன. அதற்கு வேண்டிய சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு அவருக்கு அறிமுகமாகவே இல்லை என்று ஹார்டி காரணம் சொன்னார். அந்தப் புத்தகம் கொடுத்தது அவருடைய பலத்தில் மட்டுமா இருந்தது, அது கொடுக்காமல் விட்டதும் அவருடைய தவறுகளில் இருந்தது. ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு பிள்ளையின் கையில் முதலில் எந்தப் புத்தகத்தைக் கொடுக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை என்று இதனால்தான் சொல்கிறேன்.

தப்பான உந்துதல் என்று சொன்னேன். அதற்கு வானியல் அறிஞர் யோகன்னசு கெப்ளரை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1595 ஜூலையில், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வியாழனும் சனியும் வானத்தில் சேரும் இடங்களைக் காட்டப் பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் முக்கோணம் முக்கோணமாகக் கோடு இழுத்தார். கோடுகள் சேரச் சேர நடுவில் தானாகவே ஒரு சின்ன வட்டம் உருவானது. வெளி வட்டத்துக்கும் உள் வட்டத்துக்கும் இருந்த விகிதம், சனியின் பாதைக்கும் வியாழனின் பாதைக்கும் உள்ள விகிதம் போலவே அவருக்குத் தோன்றியது. அவ்வளவுதான், ஆளைப் பிடித்துக்கொண்டது. அப்போது அறிந்திருந்த கோள்கள் ஆறு, இடைவெளிகள் ஐந்து, எல்லா முகங்களும் ஒரே மாதிரி இருக்கும் கனசதுரம் போன்ற ஒழுங்கான திண்மங்களும் ஐந்து. கடவுள் இந்தத் திண்மங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துத்தான் கோள்களைத் தள்ளித்தள்ளி அமைத்திருக்கிறார் என்று முடிவு கட்டி, மறு ஆண்டே நூலாக எழுதிவிட்டார்.

அந்த எண்ணம் முழுக்கத் தப்பு. 1781-இல் யுரேனஸ் அகப்பட்டதும் ஆறு என்ற கணக்கே போயிற்று. ஆனால் அதைச் சரிபார்க்க வேண்டும் என்ற வெறிதான் கெப்ளரை 1600-இல் டைக்கோ பிராகேயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் காலத்தின் மிகத் துல்லியமான வான் அளவுகள் டைக்கோவிடம் இருந்தன. செவ்வாயை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார். வட்டப் பாதையை வைத்துப் போட்ட கணக்கு கடைசியில் 8 கலை அளவு மட்டும் இடித்தது. ஒரு பாகையில் 60 கலை. முழுநிலவின் அகலத்தில் கால் பங்குதான் அந்த இடைவெளி. வேறொருவர் விட்டிருப்பார். அவர் விடவில்லை, வட்டத்தைத்தான் விட்டார். 1609-இல் நீள்வட்டம் வந்தது. 1619-இல் கோள்களின் இயக்கம் பற்றிய அவருடைய மூன்றாம் விதி வெளியான நூலும் அண்டத்தின் இசைவைத் தேடிய நூல்தான், அதாவது கிராட்ஸ் வகுப்பறையில் பிடித்த அதே ஆசை. 1621-இல் அந்த இளமைக்கால நூலை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது, தன் வாழ்நாள் வேலை முழுவதும் அதிலிருந்தே கிளம்பியது என்று எழுதினார்.

இதைக் கேட்டதும் சிலருக்கு, எங்கோ ஒரு பட்டாம்பூச்சி சிறகடித்தால் வேறெங்கோ புயல் கிளம்பும் என்ற பேச்சு நினைவுக்கு வரும். எட்வர்டு லோரன்ஸ் என்ற வானிலை அறிஞர் 1961-இல் கணினியில் வானிலையைக் கணக்கிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். 0.506127 என்று போட வேண்டிய இடத்தில் 0.506 என்று சுருக்கிப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் வானிலையே வேறு. உண்மைதான், ஆனால் அதையும் இதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. லோரன்ஸ் காட்டியது, தொடக்கத்தின் சிறு வேறுபாடு முடிவை முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி ஆக்கிவிடும் என்பது. கெப்ளரிடமும் ஐயரிடமும் நடந்தது வேறு. முடிவைப் பார்த்துத் தொடக்கத்தை அடையாளம் காண முடிகிறது. மனிதன் தன் உந்துதலை நினைவில் வைத்திருக்கிறான், அதற்கு விசுவாசமாக இருக்கிறான். காற்றுக்கு அந்தக் குணம் இல்லை.

அந்த விசுவாசம் உயிரைக் கொல்லவும் கூடும். இந்த ஜார்ஜ்டவுனில் 1879-இல் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜ் போன வூ லியன் தே 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பினுக்குப் போனார். அங்கே கொள்ளைநோய். கொள்ளைநோய் என்றால் எலி, எலியின் தெள்ளுப்பூச்சி என்று மருத்துவ உலகம் அதற்குள் படித்து முடித்திருந்தது. வூ ஓர் உடலை அறுத்துப் பார்த்தார். கிருமி நுரையீரலில் இருந்தது. மூச்சு வழியாகப் பரவுகிறது என்று சொல்லி, துணியும் பஞ்சும் அடுக்கிய முகக்கவசம் போடச் சொன்னார். அனுபவமுள்ள பிரெஞ்சு மருத்துவர் மெனி அதை ஏற்கவில்லை. கவசம் இல்லாமல் நோயாளிகளிடம் போனார், சில நாளில் இறந்தார். முதலில் கற்றதை விட முடியாமல் போனவர் அவர். நம் ஊர்க்காரர் கையில் கத்தியை எடுத்துப் புதிதாகத் தொடங்கினார். அந்த நோயில் செத்தவர்கள் ஏறத்தாழ 60,000 பேர்.

மெய்யியலில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும், ஏனென்றால் அங்கே முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். கிரேக்கர்கள் வியப்பில் தொடங்கியதாகச் சொன்னார்கள். பிளேட்டோவும் சொல்கிறார், அரிஸ்டாட்டிலும் சொல்கிறார். வியந்தவனுக்கு விளக்கம் வேண்டும். இந்தியாவின் சாங்கியத் தத்துவ நூலான சாங்கிய காரிகையின் முதல் பாட்டோ மூவகைத் துன்பத்தின் தாக்குதலால்தான் அறியும் வேட்கை பிறக்கிறது என்கிறது. புத்தரும் துன்பத்தில் தொடங்கினார். துன்பப்பட்டவனுக்கு விளக்கம் போதாது, விடுதலை வேண்டும். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட் ஐயத்தில் தொடங்கினார். எல்லாவற்றையும் ஐயுற்று ஐயுற்றுக் கடைசியில் எஞ்சியது சிந்திக்கும் 'நான்' ஒன்றுதான். அப்புறம் அந்த 'நான்' உடம்போடு எப்படிச் சேர்கிறது என்று 1643-இல் பொஹீமிய இளவரசி எலிசபெத் கடிதம் எழுதிக் கேட்டார். அவர் மனம் ஒப்பும்படியான பதிலை டெகார்ட்டால் தர முடியவில்லை. தனியாகக் கிளம்பிய தத்துவம் தனியாகவே நின்றுபோனது.

நம் மெய்கண்டார் எங்கே தொடங்குகிறார்? சிவஞான போதத்தின் முதல் நூற்பா:

அவன் அவள் அதுஎனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துஉளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்.

அவன், அவள், அது என்று நாம் விரல் நீட்டிக் காட்டும் இந்த உலகத்தில் தொடங்குகிறார். இது தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஆகவே ஒடுக்குபவனே இதற்கு முதல் என்று மேலே போகிறார். கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சாட்சியாக வைத்துத் தொடங்கியவர் பிறகு அந்தச் சாட்சியைப் பொய் என்று தள்ள முடியாது. கடைசி நூற்பா வரை சைவ சித்தாந்தத்தில் உலகம் உள்பொருள்தான், மாயத் தோற்றம் இல்லை. பன்னிரண்டு நூற்பாவில் முடியும் நூலுக்கு இப்படி ஒரு முதல் அடி கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கடைசியாக நம் சொந்தக் கதை ஒன்று. 1876-இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்து விடியற்காலையில் பால் வெட்டிய தோட்டங்களின் தொடக்கம் இவ்வளவுதான். ஒரு வட்டாரத்து விதையிலிருந்து பெருகியதால் ஆசியாவின் ரப்பர் மரங்களுக்குள் மரபு வேறுபாடு மிகக் குறைவு. தென் அமெரிக்காவில் இலைக்கருகல் நோய் தோட்டம் தோட்டமாக அழித்தது. அது இங்கே வந்தால் தாங்குமா என்ற பயம் இன்றைக்கும் இருக்கிறது.

நூறு ஆண்டுக்குப் பிறகு, 1981-இல், பல நாட்டு ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து மறுபடி அமேசான் காட்டுக்குப் போனார்கள். பிரேசிலின் மூன்று மாநிலங்களில் காட்டு மரங்களின் விதைகளைத் திரட்டினார்கள். அவற்றில் ஒரு பெரிய பங்கு மலேசியாவுக்கு வந்தது. வளர்ந்த மரங்களில் பால் குறைவு, பழைய ஒட்டு மரங்களோடு போட்டி போடவே முடியாது. ஆனாலும் வெட்டிப்போடவில்லை. அவற்றைப் பழைய மரங்களோடு கலந்து புது வகைகளை உருவாக்க முயன்றார்கள். ஒரு தலைமுறை எடுக்கிற வேலை அது.

நிறுத்திக்கொள்கிறேன். கேள்வி நேரம் இருக்கிறது. மாணவர்கள் முதலில் கேட்கட்டும்.